இடுப்பு வலி என்றால் எந்த இடம்? மூட்டு அழற்சியை அடையாளம் காண்போம்

முதலில் ஒரு சின்ன சோதனை. இதைப் படிக்கிற போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உங்கள் இடுப்பைத் தொடுங்கள். அநேகமாக உங்கள் கை பெல்ட் போடுகிற இடத்துக்கு அல்லது புடவை செருகுகிற இடத்துக்குப் போயிருக்கும். சிலருக்கு முதுகின் கீழ்ப்பக்கம் போயிருக்கும். தப்பே இல்லை. தமிழில் இதற்கெல்லாம் இடுப்பு என்றுதான் பெயர். குடத்தை வைப்பதும் இடுப்பில்தான், குழந்தையைத் தூக்கி வைப்பதும் இடுப்பில்தான். பிரசவ வலி வந்தால்கூட "இடுப்பு வலி வந்துடுச்சு" என்றுதான் சொல்கிறோம்.

ஆனால் இடுப்பு மூட்டு இந்த இடங்கள் எதிலும் இல்லை. தொடை உடம்போடு சேருகிற இடத்தில், முன்பக்க மடிப்புக்கு உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. அதனால் அந்த மூட்டில் வீக்கம் வந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். நாம் அதை இடுப்பு வலி என்றே நினைப்பதில்லை. "நெறி கட்டியிருக்கு", "சதை பிடிச்சிருக்கு", "குடல் இறக்கமா இருக்குமோ" என்று வேறு எதையாவது யோசிக்கிறோம். இன்னொரு பக்கம், முதுகு வலியோடு போகிறவர் "இடுப்பு வலி" என்கிறார். ஒரே வார்த்தை, இரண்டு நோயாளிகள், வேறு வேறு பாதை. இந்தக் குழப்பத்தில் போகிற மாதங்கள் சில பேருக்கு மூட்டையே பறித்துவிடுகின்றன.

என் அப்பத்தா கதையைச் சொல்கிறேன். அவருக்கு முழங்கால் வலி. ஒரு வருஷத்துக்கு மேல் முழங்காலுக்கு எண்ணெய், முழங்காலுக்கு உறை, முழங்காலுக்கு ஊசி. இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்தார்கள், இரண்டும் முழங்காலுக்குத்தான். "வயசுக்கு ஏத்த தேய்மானம்தான்" என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர் அவரைப் படுக்கவைத்து, காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளித் திருப்பிப் பார்த்தார். அப்பத்தா கத்திய கத்தில் வெளியே உட்கார்ந்திருந்த நான் உள்ளே ஓடினேன். கோளாறு இடுப்பு மூட்டில். வலி மட்டும் முழங்காலில். இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்புகளே முழங்காலுக்கும் கிளை அனுப்புகின்றன. அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மூளைக்கே குழப்பம் வந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

பள்ளிக்கூடத்தில் "பந்துக் கிண்ண மூட்டு" என்று படித்திருப்பீர்கள். தொடை எலும்பின் தலை பந்து, இடுப்பெலும்பில் இருக்கும் குழி கிண்ணம். பந்து ஏறக்குறைய பெரிய எலுமிச்சம்பழ அளவு. பந்து, கிண்ணம் இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு பூசினாற்போல் இருக்கும். மூட்டைச் சுற்றி ஒரு உறை. அந்த உறையின் உள்பக்கத்தில் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். மருத்துவர்கள் அதை சைனோவியம் என்பார்கள். மூட்டுக்கு எண்ணெய் விடுகிற வேலை அதற்கு. சில துளி வழவழப்பான திரவத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். இரத்த ஓட்டம் இல்லாத குருத்தெலும்புக்குச் சாப்பாடு போடுவதும் இந்தத் திரவம்தான்.

இந்தச் சவ்வு வீங்குவதைத்தான் மூட்டு அழற்சி என்கிறோம். சவ்வு தடித்து, சிவந்து, அளவுக்கு மேல் நீர் சுரக்கும். உறை ஓரளவுக்குத்தான் விரியும் என்பதால் உள்ளே அழுத்தம் ஏறும், வலி வரும். முழங்காலில் நீர் கோத்தால் பார்த்தாலே தெரியும், தொட்டால் சுடும். இடுப்பு மூட்டு தடித்த தசைகளுக்கு அடியில் இருப்பதால் வீக்கமும் தெரியாது, சூடும் தெரியாது. "வெளியில ஒண்ணுமே தெரியலையே, நடிக்கிறியா?" என்று வீட்டில் கேட்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

அழற்சி நாள்பட்டால் அந்தச் சவ்விலிருந்து வரும் ரசாயனங்கள் குருத்தெலும்பை அரிக்க ஆரம்பிக்கும். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை. வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்துவது ஆபத்தாவது இதனால்தான்.

வலியின் இடத்தையும் நேரத்தையும் பாருங்கள்

வலிக்கிற இடத்தை ஒரு விரலால் காட்டிப் பாருங்கள். தொடை இடுக்கிலோ, தொடையின் முன்பக்கத்திலோ என்றால் மூட்டைச் சந்தேகப்படலாம். சிலரால் ஒரு விரலால் காட்ட முடியாது. கட்டைவிரல் பின்பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து "இங்கதான், உள்ள" என்பார்கள். அதுவும் மூட்டு வலிக்கு ஒரு நல்ல அடையாளம். கால் நகம் வெட்ட முடியவில்லை, சம்மணம் போட முடியவில்லை, பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது.

பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட்டுக்கு நேராகத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியவில்லை, மாடிப்படி ஏறினால் கூடுகிறது என்றால் அது வேறு. எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே உராய்வைக் குறைக்க ஒரு சின்னத் திரவப் பை இருக்கிறது. அந்தப் பையோ அங்கே ஒட்டியிருக்கும் தசைநாரோ பாதிக்கப்பட்டிருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும். தொல்லைதான், ஆனால் மூட்டை அழிக்காது. பிட்டத்தில் ஆரம்பித்துக் கால் வழியாக முழங்காலுக்குக் கீழேயும் மின்சாரம் மாதிரி இறங்கினால் பெரும்பாலும் முதுகுத்தண்டு நரம்பு சம்பந்தப்பட்டது.

அடுத்தது நேரம். என்னைக் கேட்டால், எக்ஸ்ரேக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. தேய்மான வலி உழைத்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பொதுவாக அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். அழற்சி வலி நேர் எதிர். ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். பின்னிரவில் எழுப்பிவிடும். காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி என்று நீளும். நாளை காலை எழுந்த நேரத்தையும் உடம்பு "விட்ட" நேரத்தையும் போனில் குறித்துவையுங்கள். ஒரு வாரம் குறித்தால் போதும், டாக்டருக்கு அது பெரிய உதவி.

இருபதுகளில் இருப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும். நானும் அந்த வயதுதான், "இந்த வயசுல என்ன மூட்டு வலி" என்ற வசனம் எனக்கும் பழக்கம். ஆனால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிற முதுகெலும்பு அழற்சி நோய் ஆரம்பிப்பதே பெரும்பாலும் இந்த வயதில்தான். 45 வயதுக்கு முன்னால், மூன்று மாதத்துக்கும் மேலாக, ஓய்வில் கூடி வேலையில் குறைகிற முதுகு வலி இருக்கிறதா, அதோடு பிட்டம் மாறி மாறி வலிக்கிறதா என்று பாருங்கள். இந்த நோய் இடுப்பு மூட்டையும் பிடிக்கும். நடுவே கண் சிவந்து வலிப்பதும் உண்டு. ஆரம்ப வருஷங்களில் எக்ஸ்ரே சுத்தமாக நார்மல் என்றே வரலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். எச்.எல்.ஏ.-பி27 என்ற இரத்தப் பரிசோதனை துப்புக் கொடுக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. எத்தனையோ பேர் இதை "சேர்ல ஒக்காந்து ஒக்காந்து வந்தது" என்று நினைத்து நாற்காலியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ருமட்டாய்டு என்கிற முடக்குவாதம் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பொதுவாகக் கை விரல் மூட்டுகளில் தொடங்கும், இடுப்புக்குப் பிறகே வரும். வயதானவர்களின் தேய்மானத்திலும் சவ்வு நடுநடுவே வீங்கும். அப்பத்தாவுக்கு இருந்தது அதுதான்.

காசநோயை மறந்துவிடக் கூடாது. நுரையீரலில் மட்டும் வருவதில்லை. எலும்பு, மூட்டுகளில் முதுகெலும்புக்கு அடுத்தபடியாக அது அதிகம் தாக்குவது இடுப்பு மூட்டைத்தான். இருமலே இல்லாமல்கூட வரும். மெதுவாகக் கூடும் வலி, விந்தி நடப்பது, மாலைக் காய்ச்சல், எடை குறைவது ஆகியவை அடையாளம். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மூட்டுக் காசநோய்க்கு நுரையீரல் காசநோயைவிட அதிக மாதங்கள் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

குழந்தை விந்தி நடந்தால்

இந்தப் பகுதியைப் பெற்றோர் யாருக்காவது அனுப்பிவைத்தால் நல்லது.

ராத்திரி ஓடி ஆடின பிள்ளை காலையில் எழுந்து விந்தி நடக்கிறது, காலை ஊன்ற மாட்டேன் என்கிறது. உடனே நம் வீடுகளில் வருகிற முதல் யோசனை, "எங்கயோ விழுந்திருக்கான், சுளுக்கு". இரண்டாவது யோசனை, சுளுக்கு வழிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போவது. முதல் யோசனை சில சமயம் சரி. இரண்டாவது வேண்டவே வேண்டாம்.

மூன்றிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு, சளி காய்ச்சல் வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில் இடுப்பு மூட்டுச் சவ்வு தற்காலிகமாக வீங்குவது உண்டு. காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் லேசாக இருக்கும். ஓய்வும் மருத்துவர் தரும் வலி மருந்தும் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் பிள்ளை பழையபடி ஓடும். மூட்டுக்கும் சேதம் இருக்காது.

ஆனால் அதே மாதிரியே தோன்றுகிற இன்னொன்று இருக்கிறது. மூட்டுக்குள் பாக்டீரியா புகுந்து சீழ் பிடிப்பது. இங்கே கணக்கு மணி நேரத்தில். சீழ் குருத்தெலும்பை வேகமாகக் கரைக்கும். உள்ளே ஏறும் அழுத்தம் தொடை எலும்புத் தலைக்குப் போகிற இரத்தத்தையே நிறுத்திவிடலாம். அப்படி ஆனால் அந்தக் கால் வாழ்நாள் முழுக்கக் குட்டையாகவே இருந்துவிடும். 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்றவே முடியாமை, காலை லேசாக அசைத்தாலே அலறல் ஆகியவை இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108 கூப்பிடுங்கள் அல்லது இரவென்றாலும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பார்கள். ஊசி என்றதும் பயந்து பிள்ளையை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப்போகாதீர்கள். சீழா வெறும் நீரா என்று உறுதியாகச் சொல்வது அந்த ஊசிதான்.

கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும், துணி மாற்றும்போது வீறிடும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இங்கே நல்லதல்ல.

விந்தல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் கட்டாயம் எக்ஸ்ரே வேண்டும். நான்கிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எலும்புத் தலைக்கு இரத்தம் குறைந்துபோகும் பெர்தஸ் நோய் இப்படித்தான் தொடங்கும். கொஞ்சம் குண்டான, பத்து வயது தாண்டிய பிள்ளை முழங்கால் வலி என்றாலும் இடுப்புக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வயதில் எலும்புத் தலை இடம் நழுவுகிற கோளாறு ஒன்று உண்டு.

ஒரு யோசனை: பிள்ளை நடப்பதை முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் இருபது விநாடி வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் நேராக நடக்கும், மீதிப் பாதி நடக்கவே நடக்காது.

மாத்திரை விஷயம்

கடையில் நின்று "மூட்டு வலிக்கு ரெண்டு மாத்திரை" என்று கேட்டு வாங்குவது நம் ஊரில் சாதாரணம். வலிநிவாரணிகள் அழற்சியைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் நாள்கணக்கில் தானாகப் போட்டுக்கொண்டால் வயிற்றில் புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு. சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அதைவிட மோசம், பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பொடிகளும் கலர் மாத்திரைகளும். போட்ட மறுநாளே எழுந்து நடந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். நாள்பட்ட ஸ்டீராய்டு தொடை எலும்புத் தலைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து, எலும்பைச் சாகடிக்கவும் செய்யும். இடுப்பு வலிக்குச் சாப்பிட்ட மருந்தே இடுப்பைக் காலிசெய்கிற கொடுமை இது. குடிப்பழக்கமும் இதே கேட்டைச் செய்யும். அப்படி ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுவருகிறீர்கள் என்றால் திடீரென நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். மருத்துவர் கணக்குப் போட்டு, கால அளவோடு தருகிற ஸ்டீராய்டு வேறு விஷயம்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கிழமை தெரிந்திருக்கட்டும்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். "இடுப்பு வலி" என்று நிறுத்திவிடாமல், விரலால் இடத்தைக் காட்டி, காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லுங்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் எலும்பு மற்றும் முடநீக்கியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். அழற்சி நோய் என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது ருமட்டாலஜி பிரிவு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. பிற மாவட்டத்தினர், எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தப் பிரிவு இருக்கிறது என்று பரிந்துரைச் சீட்டு எழுதும் டாக்டரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. வீண் அலைச்சல் மிச்சம். எங்கே போவது என்றே புரியவில்லை என்றால் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

பழைய எக்ஸ்ரேக்களைப் போட்டோ எடுத்து வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். போன் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் மூட்டு இடைவெளி சரியாகத் தெரியாது.

மூட்டு மிகவும் சிதைந்துபோனால் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டை, ஆதார், வருவாய்த் துறையில் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். இலவச உதவி எண் 1800 425 3993. அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்த பிறகு ஓடாமல், கார்டை இப்போதே எடுத்துவைத்துவிடுங்கள். கையில் கார்டு இருந்தால், குடும்பத்தில் எல்லார் பெயரும் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வீட்டைவிட்டு வர முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயர் கொடுங்கள். வலி தணிந்த பிறகு அந்தப் பயிற்சிகள்தான் முக்கியம். அசைக்காமலே வைத்திருந்தால் இடுப்பைத் தாங்கும் தசைகள் கரைந்து, மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். தரையில் குந்துவதைக் குறைப்பது, கழிவறையில் உயரமான நாற்காலி போட்டுக்கொள்வது, உடல் எடையைக் குறைப்பது ஆகியவையும் கைகொடுக்கும். நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிற அந்த ஒரு கணத்தில் இடுப்பு மூட்டில் விழும் சுமை, உடல் எடையைப் போல் இரண்டரை மூன்று மடங்கு. ஐந்து கிலோ குறைத்தால் மூட்டுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் மிச்சம்.

கைத்தடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள். வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். அப்போதுதான் மூட்டின் மேல் விழும் சுமை குறையும். எங்கள் அப்பத்தா ஒரு வருஷமாக வலிக்கிற பக்கத்திலேயே தடியை ஊன்றிக்கொண்டிருந்தார். இயன்முறை சிகிச்சைக்கு வந்த தங்கச்சி முதல் நாளே அதைப் பிடுங்கி அடுத்த கையில் கொடுத்தது. "இத்தனை நாளா இதை ஒருத்தரும் சொல்லலையே" என்று அப்பத்தா எங்களைத்தான் திட்டினார்.